கல்தூண்களுக்கு உள்ளே ஒரு படகு

என் மச்சான் சம்சுதீனின் படகைப் பார்க்க வேண்டுமானால் முதலில் குனிய வேண்டும். உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன்பட்டி போகும் சாலையில் இறங்கி, சங்கிலியம்மாளின் திராட்சைப் பந்தலுக்கு அடியில் முதுகை வளைத்து நடந்து, ஒரு முழு வயலைக் கடந்து, மறுபக்கம் போய் நிமிர்ந்தால்தான் அது கண்ணில் படும். தென்னைகளுக்கு நடுவே இரும்புச் சட்டத்தில் ஏற்றி வைத்த வெள்ளைப் படகு. ஒரு லாரி நீளம். அடியில் கீல் என்கிற ஈயக்கட்டை கத்தி மாதிரி இறங்கி நிற்கும். ஏணி வைத்து மேலே ஏறினால் மொட்டை மாடியில் நிற்பதுபோல் இருக்கும். பின்னால் வாய்க்கால், அதன் கரையில் ஆள் மட்டும் நடக்கலாம். இரு பக்கமும் அடுத்தவர் தென்னந்தோப்பு. முன்னால் சங்கிலியம்மாளின் பந்தல், சாலை வரைக்கும். அதற்கும் அப்பால், வானத்தை எட்டிப் பிடிக்கிற மாதிரி மலை.

நான் ராட்டர்டாமில் வேலை பார்க்கிறேன். சம்சுதீன் என் அக்கா கைருன்னிசாவின் கணவர். ஒவ்வொரு விடுமுறைக்கும் அந்தப் பந்தலுக்குள் குனியும்போது எனக்கு மூச்சு அடைக்கும். ஒரு தூண் சாய்ந்தால் என்ன ஆகும், வரிசையாக எல்லாம் சாயுமா என்று யோசித்துக்கொண்டே நடப்பேன். மச்சானுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. அந்தத் தூண்களை நட்டவரும் அவர்தான், கம்பியை இழுத்துக் கட்டியவரும் அவர்தான்.

போன ஐப்பசியில் நான் வந்தபோது பேச்செல்லாம் ஒன்றைப் பற்றித்தான். சங்கிலியம்மாள் தோட்டத்தில் அறுப்பு முடிந்துவிட்டது. பழம் இறங்கிய பந்தல், கொடியைக் கழித்துவிடும் கவாத்துக்கு முன்னால் சில நாள் சும்மா கிடக்கும். அந்த நாட்களுக்குள் பந்தலில் ஒரு வரிசையைத் திறந்து படகை வெளியே இழுத்துவிட வேண்டும். கார்த்திகை பிறந்து ஐயப்ப சீசன் தொடங்கிவிட்டால் குமுளி மலைப்பாதையில் இவ்வளவு அகலமான வண்டியை ஏற விடமாட்டார்கள். சீசன் முடிவதற்குள் கொடியில் மறுபடி பூவும் பிஞ்சும் வந்துவிடும். பிஞ்சு நிற்கிற பந்தலில் எவரும் கை வைக்கமாட்டார்கள். முந்தின வருஷம் இப்படித்தான் தவறியது. அதற்கு முந்தின வருஷமும்.

“மாப்ள, இந்த வாட்டி விட்டா நான் கப்பல்லயே மௌத்தாகி, கப்பலோட என்னையப் பொதைக்க வேண்டியதுதான்” என்றார் மச்சான், விமான நிலையத்தில் என் பெட்டியை வாங்கும்போதே. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பெட்டியை மட்டும் கீழே வைக்கவில்லை. உள்ளே அவருடைய சாமான் இருந்தது.

அவருக்கு இந்தப் படகு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மச்சான் துபாயில் ஒரு படகுத்துறையில் வேலை பார்த்தார். பணக்காரர்களின் பாய்மரப் படகுகளில் மரத்தைத் தாங்குகிற எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டுவதும், கயிறு மாற்றுவதும் அவர் தொழில். தலைமுடி கறுப்பாக இருந்தபோது போனவர், நரைத்து வந்தார். அடுக்குக் கட்டில் போட்ட அறையில் மேல்தட்டு அவருக்கு. முகத்துக்கு மேலே ஒரு முழத்தில் கூரை. பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில். வெள்ளிக்கிழமைகளில் ஆள் குறைந்தால் பந்தயப் படகில் ஏற்றிக்கொள்வார்கள். அப்படித்தான் ஓட்டக் கற்றார். நன்றாகவே ஓட்டுவார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சாயங்காலம் கரைக்கு வந்ததும் அவர் கீழே இறங்கி, அடுத்தவர் எறிகிற கயிற்றை வாங்கிக் கட்டுகிறவராக மாறிவிடுவார். “எல்லாரும் எங்கயோ போயிட்டு வருவாங்கெ மாப்ள. நான் நிக்கிற எடத்துலயே நிப்பேன்” என்பார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, கொச்சியில் ஒரு வயதான பிரெஞ்சுக்காரர் முழங்கால் போய் விமானத்தில் வீடு திரும்பிவிட்டார் என்றும், அவருடைய படகு கேட்பாரற்றுக் கிடக்கிறது என்றும் கேள்விப்பட்டார். நேராகப் போய் வாங்கிவிட்டார். வாங்கியபின்தான் அதன் நோய் தெரிந்தது. பல வருஷம் தண்ணீரிலேயே கிடந்ததில் ஃபைபர் உடம்புக்குள் நீர் இறங்கி, கீழ்ப்பாகம் முழுக்க அம்மை போட்டதுபோல் கொப்புளம். கொப்புளத்தைச் சுரண்டி, மாதக்கணக்கில் காயவைத்து, பிறகுதான் மேற்பூச்சுப் பூச வேண்டும். கொச்சி மழையில் துணியே காயாது.

காற்றுக்கு எங்கே போவது என்று கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டுமா? ஆடியில் எங்கள் ஊர்க் காற்று ஓட்டைக் கிளப்பும், ஆட்டுக்குட்டியைத் தள்ளும். பாய்மரத்தையும் பாயையும் கொச்சியிலேயே ஒரு கொட்டகையில் போட்டுவிட்டு, உடம்பை மட்டும் தாழ்ந்த லாரியில் ஏற்றி, மிளகாயைக் களத்தில் உலர்த்தக் கொண்டுவருவதுபோல், குமுளி வழியாகத் தன் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார் மச்சான். மலைக்கு அந்தப் பக்கம் கடலுக்குப் போக வேண்டிய படகு மலைக்கு இந்தப் பக்கம் இறங்கியது. ஊரே சாலையில் நின்று பார்த்தது.

“ஏன் பாய், முல்லையாத்துல விடப் போறீகளா?”

“பெரியாறு அணை ஒடைஞ்சா நாங்க அம்புட்டுப் பேரும் உங்க கப்பலுக்குத்தான் வருவோம். எடம் போட்டு வைங்க.”

தூத்துக்குடிக்கு மலையே ஏறாமல் போகலாமே என்று கேட்காதவர் இல்லை. மரம் கிடப்பது கொச்சியில், படகின் காகிதம் கொச்சியில், மரத்தைத் தூக்கி நட்டுத் தருகிற ஆளும் அங்கே. எல்லோருக்கும் இதையே சொல்லிச் சொல்லி மச்சான் கடைசியில் தேநீர்க் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

படகு நிற்க இடம் வேண்டும் என்று தன் தோட்டத்தில் இருந்த பழைய திராட்சைப் பந்தலைப் பிரித்தார். கொடி கிழடாகி, காய்ப்பு விட்டுப்போன பந்தல் அது. பிடுங்கிய கல்தூண்கள் வேலியோரம் குவிந்து கிடந்தன. முன்பக்க வயல் சங்கிலியம்மாளுடையது. அப்போது வாழை எடுத்துவிட்டுத் தரிசாகக் கிடந்தது. லாரி அதன் வழியாகத்தான் உள்ளே வந்தது. சங்கிலியம்மாள் கொஞ்சமும் யோசிக்காமல் வரப்பை வெட்டி வழி விட்டார். அதற்கப்புறம் ஒரு நாள் வந்து கல்தூண்களைப் பார்த்தபடி நின்றார். பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஒற்றை ஆளாக நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர்.

“பாய், இந்தக் கல்லெல்லாம் சும்மாதான கெடக்கு?”

“எடுத்துக்கங்க தாயி. கெடந்தா பாம்புதான் அடையும்.”

“எடுத்தா நான் பந்தல் போட்டுருவேன். அப்பறம் உங்க கப்பலு எப்பிடி வெளிய போகும்?”

“உங்க கொடி பந்தல் ஏறுறதுக்குள்ள என் கப்பல் கடல் ஏறிரும்.”

அவ்வளவுதான் ஒப்பந்தம். எங்கள் பக்கத்தில் காலத்தை இப்படித்தான் சொல்வார்கள். கல்யாணம் அடுத்த கவாத்துக்குள். வீட்டுக்கு வெள்ளையடிப்பது காய் இறங்கினதும். நடுவே ஒரு வண்டித் தடம் விட்டுப் பந்தல் போடுங்கள் என்று மச்சான் கேட்டிருக்கலாம். கேட்டால், தன் வார்த்தையில் தனக்கே நம்பிக்கை இல்லை என்றாகும். தடம் விட்டுப் போடட்டுமா என்று சங்கிலியம்மாள் கேட்டிருக்கலாம். கேட்டால், பாய் சொன்னபடி போகமாட்டார் என்று சொன்னதாகும். இரண்டு பேரும் மரியாதைக்காரர்கள். வயல் முழுக்கத் தூண் நின்றது. போதாததற்கு மச்சான், துபாய் படகுகளில் கம்பி இழுத்த அதே கருவியை வைத்து அந்தப் பந்தல் கம்பிகளையும் இழுத்துக் கொடுத்தார். ஒன்றைத் தட்டினால் வயல் கோடி வரை கணீரென்று கேட்கும். பள்ளத்தாக்கிலேயே தொய்வில்லாத பந்தல் என்று பெயர் வாங்கியது அது.

கொடி தன் வாக்கைக் காப்பாற்றியது. பந்தல் ஏறியது. படகு அங்கேயே நின்றது.

கொப்புளம் காய ஓர் ஆடி போதும் என்று நினைத்தார், போதவில்லை. காய்ந்து மேற்பூச்சு முடிந்ததும் என்ஜின். என்ஜின் முடிந்ததும் மரத்தைத் தாங்கும் கம்பிகள். அதன்பின் சூரியத் தகடுகள், பேட்டரி, தானே சுக்கானைப் பிடிக்கும் கருவி, கவிழ்ந்தால் விரிகிற ரப்பர் தெப்பம். ஒவ்வொன்றையும் “இது இல்லாம வெளிக்கடலுக்குப் போகக் கூடாது மாப்ள” என்று சொல்லித்தான் தொடங்குவார். நான் பயந்த சுபாவம். கப்பல் மூழ்கிய செய்தி எங்கே வந்தாலும் அவருக்கு அனுப்பிவிடுவேன். அவர் அதைப் படித்துவிட்டு இன்னொரு சாமான் கேட்பார். ஒரு முறை நங்கூரச் சங்கிலியைச் சுற்றி இழுக்கும் மோட்டாரை மதுரை விமான நிலையத்தில் பிரித்துப் பார்த்த அதிகாரி கேட்டார்:

“எந்த ஊருக்குக் கொண்டு போறீங்க?”

“உத்தமபாளையம்.”

“அங்க ஏது கடல்?”

“இல்லைங்க சார்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேலை மெனக்கெடுகிறது என்பதுபோல் கையசைத்துப் போகச் சொல்லிவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, ராட்டர்டாம் துறையில் நான் பார்க்கிற படகுகளில் பாதிக்கு இவ்வளவு சீரான உள்வேலை கிடையாது. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு மூடி, ஒவ்வொரு மூடிக்கும் பக்கத்தில் தொங்குகிற ஒரு மரத் தக்கை. ஆழம் காட்டும் கருவியைப் போட்டால் வெறும் கோடு காட்டும். பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் திரையைப் போட்டால் நடுவில் நாம் மட்டும், சுற்றிலும் வெறுமை. ஆடிக் காற்றில் படகு அதிரும்போது முன்பக்க நங்கூரத்தைத் தோட்டத்து மண்ணில் இறக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்து திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். வருஷம் போகப் போக வீட்டில் இருக்கிற நேரம் குறைந்து, படகில் இருக்கிற நேரம் கூடியது. மத்தியானம் அக்கா தூக்குவாளியில் சோற்றைக் கொண்டுபோவாள். பந்தலுக்குள் குனிந்து போய், படகின் அடியில் நின்று குரல் கொடுப்பாள். மேலேயிருந்து கயிறு இறங்கும். கட்டிவிட்டுத் திரும்பிவிடுவாள். ஏறமாட்டாள்.

இந்த முறை நான் வந்த மறுநாளே மச்சான் என்னையும் கூட்டிக்கொண்டு சங்கிலியம்மாளிடம் போனார். அவர் பந்தலுக்கு அடியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, கொடி கட்டும் சணலைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார்.

“லாரி பேசியாச்சு தாயி. நடு வரிசைய மட்டும் தெறந்து விட்டீகன்னா...”

“மாட்டேன் பாய்.”

முகத்தில் அடித்த மாதிரி வந்தது பதில்.

“போன வருசம் மழை, அதுக்கு முந்தின வருசம் என் என்ஜின். இந்த வருசந்தான் ரெண்டும் சேந்து ஒழுங்கா வந்துருக்கு. இப்ப என்ன தாயி?”

“கொடிக் கைய வெட்டுனா, மறு கை வந்து காய்க்க ரெண்டு வருசம் ஆகும்.”

“வெட்ட வேணாம். கட்ட அவுத்து மடக்கி வச்சுக்கிருவோம்.”

“மடக்குனா ஒடியும்.”

“ஒடியாம நீங்களே மடக்குங்க.”

“கல்லு?”

“நான் புடுங்குறேன். நானே நட்டுத் தாரேன்.”

“குறுக்குக் கம்பி?”

“நான் கட்டுன கம்பிதான தாயி? அறுத்து ஒட்டுப் போட எனக்குத் தெரியாதா?”

சங்கிலியம்மாளிடம் காரணம் தீர்ந்துவிட்டது. சணலில் இன்னொரு துண்டு வெட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, அந்த ஊருல குளிரா?” என்று கேட்டார். குளிர்தான் என்றேன். “ம்” என்றார். மச்சான் நகரவில்லை.

“உங்க வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க பாய். அதுக்கப்பறம் பேசுவோம்.”

“வீட்டுல என்ன கேக்க?”

“அது உங்க வீட்டு விவகாரம். என்னைய இழுக்காதீக. ஏற்கனவே இழுத்தாச்சு, கழுத்து வலிக்குது.”

நேராக வீட்டுக்கு வந்தோம். அக்கா அடுப்படியில் ஆட்டுக்காலைத் தீயில் வாட்டிக்கொண்டிருந்தாள். நான் வந்திருக்கிறேன் என்று பாயா வைப்பதாகத் திட்டம். மச்சான் நிலைப்படியிலேயே நின்றார்.

“சங்கிலியம்மாகிட்ட நீ என்ன சொன்ன?”

“வழி விடாதீக மதினின்னு சொன்னேன்.”

மறைக்கவே இல்லை. காலைத் திருப்பிப் போட்டாள். நான் வெளியே நழுவப் பார்த்தேன். “இங்கனயே இரு அஜீசு. நீதான சாமான் கொண்டாந்து குடுக்குற? நீயும் கேளு” என்றாள்.

“ஏன் நிசா?” என்றார் மச்சான். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே விளங்கவில்லை.

“அந்தக் கப்பலு வந்த அன்னிக்கு ஏறிப் பாத்தேன். உள்ள ரெண்டு படுக்கை இருந்துச்சு, இங்கிட்டு ஒண்ணு, அங்கிட்டு ஒண்ணு. இப்ப எத்தனை இருக்கு?”

மச்சான் நிலைப்படி மரத்தை நகத்தால் சுரண்டினார்.

“சொல்லுங்க. தம்பி முன்னாடி சொல்லுங்க.”

“தண்ணித் தொட்டிக்கு எடம் வேணும்ல. வெளிக்கடல்ல தண்ணிதான்...”

“ஆருக்குத் தண்ணி?”

ஆட்டுக்கால் கருகும் வாசம் வந்தது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை. நான் போய் அடுப்பைத் தணித்தேன்.

“நீ வாரேன்னு எப்பவாச்சும் சொன்னியா?”

“வாரியான்னு எப்பவாச்சும் கேட்டீகளா?”

“உனக்குக் கடல்னாலே ஆகாதே! ஏர்வாடிக்குப் போனப்ப வாந்தி எடுக்கல?”

“அது பஸ்ஸுல எடுத்தது. கடல் பக்கத்துலயே போகல நாம. தர்காவுல ஓதிட்டு அந்த பஸ்ஸுலயே திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டீக.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை.

“துபாய்க்குப் போறப்பவும் கேக்கல. அங்கன இருந்தப்ப ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறியான்னு கேக்கல. சரி, வந்துட்டாகன்னு இருந்தா, வந்து கப்பலுக்குள்ள ஏறி உக்காந்துக்கிட்டீக. நான் கெணத்துக்கு வாளி விடுற மாதிரி சோறு கட்டி விடுறேன். நீங்க போயிட்டா நான் இங்கன எந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்குறது? இந்த மலையவா? அதான் பொறந்ததுலருந்து பாக்குறேனே. நீங்க அடைஞ்சு கெடக்குறேன்னு ஊரெல்லாம் சொல்றீக. நீங்க வந்து அடைஞ்சீக. நான் வெளிய போனாத்தான அடையுறதுக்கு?”

மச்சான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார். அன்று பாயாவை நானும் அக்காவும்தான் சாப்பிட்டோம். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி, அதையும் சொல்லிவிட வேண்டும். சங்கிலியம்மாள் வழி விடாதவரை இவர் மூழ்கமாட்டார். ராட்டர்டாமில் இருந்துகொண்டு தினம் காற்று வேகம் பார்க்க வேண்டியதில்லை. அந்த நிம்மதியோடு சாயங்காலம் பந்தலுக்குள் குனிந்து போய் ஏணியில் ஏறினேன்.

அவர் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே தொட்டி. இடதுபக்கப் படுக்கையின் பலகையை எடுத்துவிட்டு, அந்த இடத்தின் வளைவுக்குத் தக்கபடி அவரே ஃபைபரில் வார்த்து, படகின் உடம்போடு உடம்பாக ஒட்டியது. கழற்ற முடியாது. அறுக்கத்தான் வேண்டும்.

“செஷல்ஸ் வரைக்கும் ஒரே ஓட்டம்னு போட்ட கணக்கு மாப்ள. இது இல்லாட்டி அம்புட்டுத் தூரம் ஆகாது.”

“மாலத்தீவு ஆகும்ல மச்சான்?” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவரைத் தேற்றத்தான்.

“ரெண்டு பேருக்குன்னா... சிக்கனமாப் போனா ஆகும். மழைத் தண்ணியப் புடிச்சுக்கிறலாம்.” தொட்டியின் மேல் கையை வைத்துத் தடவினார். “எனக்கு அந்த அறையில மேல் கட்டுலு. கீழ ஆரு படுத்திருக்கான்னு பாக்காமத்தான் ஏறுவேன். பாத்தா பேச்சுக் குடுக்கணும். அப்பிடியே பழகிப்போச்சு போல.”

மறுநாள் காலையில் அறுக்கும் சத்தம் கேட்டது. ஃபைபர் தூசி பந்தலின் மேல் வெள்ளையாகப் படிந்தது. சங்கிலியம்மாள் வந்து, “ஏன் பாய், என் எலையெல்லாம் மாவரைச்ச மாதிரி இருக்கு” என்று சத்தம் போட்டார். மச்சான் முகத்துணியை விலக்கி, “படுக்கை போடுறேன் தாயி” என்றார். சங்கிலியம்மாள் ஓர் இலையை முந்தானையால் துடைத்துவிட்டுப் போய்விட்டார். தொட்டி துண்டு துண்டாக வெளியே வந்தது. நான் ஒவ்வொரு துண்டாக வாங்கித் தென்னைக்கு அடியில் அடுக்கினேன். பலகை போட்டு, மெத்தை தைத்து வந்ததும், அக்கா போகவில்லை. சங்கிலியம்மாளை அனுப்பினாள்.

“நிசா பாத்துட்டு வரச் சொன்னுச்சு” என்று சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறினார். உள்ளே எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். “படுத்துப் பாக்கலாமா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் படுத்துவிட்டார். மச்சான் படுக்கையோரத்தில் இருந்த துணியைத் தூக்கி மேலே கொக்கியில் மாட்டிக் காட்டினார். படகு சாய்ந்தால் தூங்குகிறவர் உருண்டு விழாமல் இருக்க.

“அட, தூளி!” என்றார் சங்கிலியம்மாள் துணிக்குப் பின்னாலிருந்து. “பாய், பொம்பளப் பிள்ளைய நல்லாத்தான் கட்டிப்போடுறீக.” இறங்கும்போது சொன்னார்: “கொடியில ஒரு கணு ஒடிஞ்சாலும் கப்பலைத் திரும்பி உள்ள தள்ளிருவேன். எம் பேரு சங்கிலி.”

அன்றைக்கே வேலை தொடங்கியது. நடு வரிசையில் கொடிக் கைகளைக் கட்டியிருந்த சணலையெல்லாம் சங்கிலியம்மாளும் அக்காவும் ஒவ்வொன்றாக அறுத்தார்கள். முற்றிய கையை இரண்டு பேர் தாங்க, பக்கத்து வரிசையின் மேல் மெதுவாக மடக்கி வைத்தார்கள். மச்சான் குறுக்குக் கம்பிகளுக்கு இரு பக்கமும் தாங்கு கொடுத்துவிட்டு நடுவில் வெட்டினார். ஒவ்வொன்றை வெட்டும்போதும் பந்தல் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. நான் ஒவ்வொரு தடவையும் வெளியே ஓடி வந்து நின்றேன். “ராட்டர்டாம்காரரே, அது உங்க மேல விழாது” என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

தூண்களைப் பிடுங்கி முடித்த அன்று மழை பிடித்தது. ஐப்பசி மழை அடுத்தடுத்துப் பெய்து, வயல் சேறானது. டிராக்டர் வந்தது, தன் சக்கரத்தையே புதைத்துக்கொண்டது, இன்னொரு டிராக்டர் வந்து அதை இழுத்தது. தரை இறுகக் காத்திருந்தோம். லாரிக்காரர் போன் செய்துகொண்டே இருந்தார். மச்சான் பந்தலின் வாயில் நின்று சாலையைப் பார்ப்பதும், குனிந்து மண்ணை அழுத்திப் பார்ப்பதுமாக இருந்தார். என் விடுமுறையை நான் தள்ளிப் போட்டேன். கடைசியில் தென்னந்தடிகளை வரிசையாகப் பரப்பி, அதன்மேல் இரும்புச் சட்டத்தை உருட்டி, டிராக்டர் அங்குலம் அங்குலமாக இழுக்க, படகு நகர்ந்தது. பச்சைப் பந்தலின் நடுவே, இரு பக்கக் கொடிகளும் உரசாமல், வெள்ளையாக ஒன்று போனது. ஒரு கணு ஒடிந்தது. சங்கிலியம்மாள் அதை எடுத்து முந்தானையில் சொருகிக்கொண்டு, பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

சாலையோரப் புளிய மரத்தடியில் போய் நின்றபோது கார்த்திகை பிறந்திருந்தது. மாலை போட்டவர்களின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. லாரிக்காரர் போனில் சொன்னார்: “இனி ஒண்ணும் பண்ண முடியாது பாய். தை பொறக்கட்டும்.”

மச்சான் போனைப் பையில் போட்டுவிட்டுப் பந்தலுக்குத் திரும்பினார். கவாத்துக்கு நாள் தாண்டிக்கொண்டிருந்தது. சங்கிலியம்மாளால் தை வரை வயலைத் திறந்து போட முடியாது. தூண்களை மறுபடி நட்டார்கள். வெட்டிய கம்பிகளை இணைக்க, மச்சான் படகிலிருந்து எஃகு முறுக்கிகளை எடுத்து வந்தார். மரத்தைத் தாங்கும் கம்பிகளை இறுக்குவதற்கு என்று நான் பெட்டியில் சுமந்து வந்த உபரி உருப்படிகள். கடல் உப்புக்குத் துருப்பிடிக்காத சாமான் திராட்சைப் பந்தலில் போய் உட்கார்ந்தது. ஒவ்வொரு கம்பியாக முறுக்கினார். வழி ஒவ்வொரு கம்பியாக மூடிக்கொண்டு வந்தது. கொடிகளை எடுத்து மேலே போட்டு, சங்கிலியம்மாள் சணல் கட்டினார்.

கடைசிக் கம்பி இறுகியதும் மச்சான் அதை விரலால் தட்டினார். கணீரென்றது.

“பாய்” என்றார் சங்கிலியம்மாள், “இனித் திரும்பி உள்ள வர எடம் கெடையாது. பாத்துக்கங்க.”

மச்சான் குனிந்து சாலைக்கு வந்தார். எனக்கு மறுநாள் விமானம். மூன்று பக்கமும் தோப்பும் பந்தலும் இல்லாமல், ஒரு மரத்தடியில் அம்போ என்று நிற்கும் அந்தப் படகைப் பார்க்க எனக்கு முன்னைவிடப் பயமாக இருந்தது. போகிற பேருந்தின் சன்னல்களில் எல்லாம் தலைகள். மச்சானும் படகைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார், ஏறாமல்.

படகின் மேல்தட்டில் அக்கா வந்து நின்றாள். உள்ளே இருக்கிற சின்ன அடுப்பில் அவள் சமைத்த முதல் சோறு. அவள் ஏறிய பிறகு ஏணியை யாரோ டிராக்டரோடு கொண்டுபோயிருந்தார்கள்.

“ரெண்டு பேரும் பசியோட நிக்கிறீகளா?” என்று கேட்டுவிட்டு, தூக்குவாளியைக் கயிற்றில் கட்டி, கைமாற்றிக் கைமாற்றி, அவரை நோக்கிக் கீழே இறக்கினாள்.